ஊசிக்குப் பதில் மாத்திரை

ஆதார் அட்டையில் பெண் என்று இருந்ததால் அன்புமொழியைப் பெண்கள் சிறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். வாசலில் சோதனை போட வந்த வார்டர், அவனுடைய மீசையையும் மோவாயில் அரும்பியிருந்த தாடியையும் பார்த்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஆம்பளையை நான் தொட மாட்டேன் என்றாள். கூட வந்த பெண் போலீஸ் ரிமாண்டு உத்தரவை எடுத்து நீட்டி, இதில் பெண் என்றுதான் போட்டிருக்கிறது, விட்டுவிட்டுப் போவதோடு என் வேலை முடிந்தது என்றாள். இரண்டு பேரும் அவனை நடுவில் நிறுத்திவைத்துக்கொண்டு வெகுநேரம் வாதாடினார்கள். அவனையும் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

அன்புமொழி ஜெகதாப்பட்டினத்துக்காரன். பிறந்தபோது பெண் குழந்தை என்று நினைத்து வைத்த பெயர் அது. ஆணுக்கும் பொருந்துகிற பெயர்தானே என்று அதை மட்டும் அவன் மாற்றவில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு ஐஸ் கம்பெனியில் சேர்ந்தான். படகுகளுக்குப் போகிற பெரிய ஐஸ் கட்டிகளைக் கொக்கியால் இழுத்து அரவை மிஷினில் தள்ளுகிற வேலை. கையில் நாலு காசு சேர்ந்ததும் தஞ்சாவூரில் ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டான். மாதவிலக்கு நின்றது. குரல் உடைந்தது. மீசை வந்தது. துறைமுகத்தில் கொஞ்ச நாள் சிரித்தார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். வீட்டில்தான் ஆறவில்லை. அவன் ஆத்தா பிரகதாம்பாள் மணமேல்குடிச் சந்தையில் மீன் விற்கிறவள். புருஷனைக் கடலில் பறிகொடுத்துவிட்டு ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவள். மீசை அரும்பிய நாளிலிருந்து அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டாள்.

அதே கம்பெனியில் பில் போடுகிற வனிதாவை அவன் விரும்பினான். பழகிய கொஞ்ச நாளிலேயே தன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஊரே சொல்லித் தெரிந்த விஷயத்தை எதற்கு இப்படிப் பயந்து பயந்து சொல்கிறாய் என்று வனிதா கேட்டாள். இருவரும் ஒரு வீடு பிடித்துக் குடியேறிய சில மாதத்தில், அவளுடைய அண்ணன் அஜித் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குள்ளேயே வந்து தங்கையின் முடியைப் பிடித்து இழுத்தான். அன்பு கையில் கொக்கி இருந்தது. அஜித்தின் முழங்கைக்குக் கீழே சதை கிழிந்து தொங்கியது. கொலை முயற்சி என்று வழக்குப் போட்டார்கள். வனிதா ஊரில் இருக்க முடியாமல் கீரனூரில் ஒரு தோழி வீட்டில் தங்கிக்கொண்டு, தினமும் பஸ் ஏறித் திருச்சி ஜவுளிக்கடை ஒன்றில் வேலைக்குப் போய்வந்தாள்.

சிறையில் முதலில் அவனை மூட்டை முடிச்சுகள் போட்டிருந்த ஒரு மூலை அறையில் தனியாக வைத்தார்கள். மற்ற பெண்கள் பயந்தார்கள் என்று காரணம் சொன்னார்கள். பயம் தெளிந்து சலிப்பு வந்த பிறகு, இடம் போதாமல் சுகுணாவை அங்கே மாற்றினார்கள். சுகுணா விராலிமலைப் பக்கம். திருட்டுத்தனமாக மது விற்ற வழக்கு, இரண்டு பிள்ளைகள் மாமியார் வீட்டில். அவள் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பாயை விரித்துப் படுத்துவிட்டாள். கம்பிக்கு வெளியே நின்று துருவித் துருவிக் கேட்டவர்களிடம், அது பாட்டுக்கு இருக்குது, எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றாள்.

ஊசி நின்றுபோனது. வாரம் ஒருமுறை வருகிற டாக்டரிடம் அன்பு கேட்டான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சிறைக்குள் இதற்கெல்லாம் மருந்து கிடையாது, நிறுத்தியதே நல்லது என்றார். அவன் நாள்களை நகர்த்திக்கொண்டிருந்தான். சில வாரங்களில், வருஷக்கணக்காக நின்றிருந்த ரத்தப்போக்கு திரும்ப வந்தது. வந்தது நிற்கவில்லை. நாப்கின் கேட்டு வரிசையில் நிற்க வேண்டும். மீசை வைத்த ஆள் நாப்கின் கேட்டு நின்றால் வரிசை முழுக்கச் சிரித்தது. கொடுக்கிற வார்டரும் சிரித்தாள். இரண்டாம் தடவை அவன் போகவில்லை. போர்வையைக் கிழித்து வைத்துக்கொண்டான். சுகுணா தன் பங்கில் ஒன்றிரண்டை அவன் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். ஒரு நாள் காலை ஆள் எண்ணும்போது நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டான்.

கண் விழித்தது சிறை ஆஸ்பத்திரியில். ஆஸ்பத்திரி என்று பெயர்தான். நாலு கட்டில், ஒரு மருந்து அலமாரி, ஒரு மேஜை. நர்ஸ் திலகவதி குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, அமைதியான முகம். அவன் கண்ணைத் திறந்ததும், காவலுக்கு நின்ற வார்டரை வெளியே போய் உட்காரச் சொன்னாள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள். பிறகுதான் பேசினாள்.

"ஒன்னைய எப்புடிக் கூப்புடணும்?"

அந்த இடத்துக்கு வந்ததிலிருந்து யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை.

"தம்பின்னு கூப்புடுங்க சிஸ்டர்."

"சரி தம்பி. அழுகாத. கை ஆடுனா ஊசி வெலகிரும்."

அதற்குப் பிறகு அவன் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. தஞ்சாவூர் டாக்டரைச் சொன்னான். வனிதா கீரனூரில் இருப்பதை, அஜித்துக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதை, அவளுடைய போன் நம்பரை, எல்லாவற்றையும் சொன்னான். திலகவதி பொறுமையாகக் கேட்டாள். நாப்கினைப் பழைய செய்தித்தாளில் சுற்றி யாருக்கும் தெரியாமல் அவன் கையில் கொடுத்தாள். தஞ்சாவூர் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிவிட்டால் இங்கே இருக்கிற டாக்டரிடம் நானே பேசி ஊசிக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றாள். வனிதாவுக்கு போன் செய்கிறேன் என்றும் சொன்னாள். சில நாள் கழித்துக் கேட்டபோது, நாலைந்து தடவை அடித்துப் பார்த்தேன், அந்தப் பிள்ளை எடுக்கவில்லை என்றாள். அன்புவுக்கு மனசு சுருங்கியது. வேலைக்குப் போகிற இடத்தில் போன் எடுக்க விடமாட்டார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் ஆத்தா வந்தாள். கைதிகளைப் பார்க்க வருவதற்குச் சிறையில் மனு என்று பேர். அன்புமொழிக்கு மனு வந்திருக்கிறது என்று வார்டர் கூப்பிட்டபோது வனிதா என்று நினைத்துத்தான் ஓடினான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பிரகதாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். கைதாகி மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காதவள். திட்டப்போகிறாள் என்று அவன் தலையைக் குனிந்தான். அவள் திட்டவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சோறு ஒழுங்காகப் போடுகிறார்களா என்று கேட்டாள். வலையில் முகத்தை வைத்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் பார்த்தாள்.

அதன் பிறகு வாரம் தவறாமல் வந்தாள். சந்தை வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருவாள். வாழைப்பழமும் பிஸ்கட்டும் கொண்டுவருவாள். ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தை அப்படித்தான் பார்ப்பாள். பெற்ற வயிறு கடைசியில் இளகிவிட்டது என்று அன்பு நினைத்தான். சுகுணாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டான். திலகவதியிடமும் சொன்னான். உங்க ஆத்தா என்னையும் பார்த்துப் பேசிவிட்டுத்தான் போகிறது, ரொம்ப விசனப்படுகிறது என்று அவள் சொன்னாள்.

அடுத்த வாரமே திலகவதி நல்ல செய்தி கொண்டுவந்தாள். அரசாங்க சப்ளையில் அந்த ஊசி கிடையாதாம். ஆனால் அதே மருந்து மாத்திரையாக இருக்கிறதாம். டாக்டர் சம்மதித்துவிட்டாராம். தினம் ஒன்று, சாயங்காலம், அவள் கண்முன்னாலேயே விழுங்க வேண்டும். அட்டையில் இருந்து ஏற்கெனவே பிரித்து எடுத்த ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அன்பு அவள் காலில் விழாத குறைதான்.

ரத்தப்போக்கு கட்டுப்பட்டது. அவனுக்கு நடக்கத் தெம்பு வந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நம்பினான். மூன்று வாரம் போனபின் மாத்திரை செந்தவிட்டு நிறத்தில் வந்தது. கம்பெனி மாறியிருக்கிறது என்றாள் திலகவதி. அந்த வாரமே மறுபடி ரத்தம் வந்து நின்றது. மாரில் வலி எடுத்தது. குப்புறப் படுக்க முடியவில்லை. கேட்டபோது, ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், உடம்பு பழக வேண்டாமா தம்பி என்றாள். அவன் நம்பினான். அந்த வாரம் மனுவில் ஆத்தா அவனைப் பார்த்துவிட்டு, "மொகம் தெளிஞ்சிருக்கு" என்றாள். அதைக் கேட்டு அவன் சிரித்தான்.

ஒரு சனிக்கிழமை திலகவதிக்கு ஊரில் ஒரு விசேஷம். சீக்கிரமே கிளம்புகிறேன், மறுநாளும் வர மாட்டேன் என்று இரண்டு நாளுக்கான மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். ஒன்று வெள்ளை, ஒன்று செந்தவிட்டு நிறம். அறையில் வந்து பாயில் உட்கார்ந்து அவன் காகிதத்தைப் பிரித்தான். சுகுணா எட்டிப் பார்த்தாள்.

"இது புள்ள வேணாம்னு திங்கிற மாத்திரையில்ல? இத எதுக்கு வச்சிருக்க?" என்று கேட்டாள்.

தன்னுடைய ஹார்மோன் மருந்து அது என்று அவன் சொன்னான். சுகுணா சிரித்தாள். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு இரண்டு வருஷம் இதைத்தான் தின்றேன், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மா கொடுப்பார்கள், மூன்று வாரம் வெள்ளை, அப்புறம் ஒரு வாரம் சத்து மாத்திரை, அந்த வாரம்தான் தூரம் வரும் என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள் அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். எல்லா மாத்திரையும் ஒரே மாதிரிதான் இருக்கும், நான் தப்பாகச் சொல்லியிருப்பேன் என்று மழுப்பினாள்.

அன்புவுக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. படிக்காதவளுக்கு என்ன தெரியும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். சிஸ்டர் அப்படிச் செய்கிறவர்கள் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். சுகுணா தன் பாயில் போய்ப் படுத்துக்கொண்டாள். ஆனால் அவன் அன்றைய மாத்திரையை விழுங்கவில்லை. இரண்டையும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை வனிதா வந்தாள். கடையில் லீவு கிடைத்த முதல் நாள் என்றாள். மெலிந்திருந்தாள். வலையின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வி, "ஊசி போட்டாங்களா அன்பு?" என்பதுதான்.

எந்த ஊசி என்று அவன் கேட்டான். வனிதாவுக்குப் புரியவில்லை. அந்த நர்ஸ் எனக்கு போன் பண்ணினார்களே, அவர்கள் சொன்னபடி தஞ்சாவூர் போய் டாக்டரிடம் கடிதம் வாங்கி, இரண்டு ஊசி மருந்தும் வாங்கிக்கொண்டு வந்து இதே வாசலில் கொடுத்துவிட்டுப் போனேனே என்றாள். அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பதால் அன்றைக்குப் பார்க்க விடமாட்டார்கள் என்று சொல்லி நர்ஸே வெளியே வந்து வாங்கிக்கொண்டாளாம்.

"ரொம்ப அன்பாப் பேசுனாங்க. தம்பி தம்பின்னுதான் ஒன்னையச் சொன்னாங்க. அதான் நம்பிக் குடுத்துட்டுப் போனேன்."

அன்பு வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வனிதா என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நேரம் முடிந்ததும் வார்டர் அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

அன்று சாயங்காலம் திலகவதி வழக்கம்போல மாத்திரையை நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை.

"இது என்ன மாத்திரை சிஸ்டர்?"

"ஒன்னோட மாத்திரைதான் தம்பி."

"பேரு என்ன?"

அவள் மாத்திரையை மேஜைமேல் வைத்தாள். அவன் சட்டைப்பையிலிருந்து மற்ற இரண்டையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். திலகவதி நாற்காலியில் உட்கார்ந்தாள். ரத்தப்போக்கை நிறுத்த டாக்டர் எழுதிக்கொடுத்ததுதான் அது என்றாள். நிறுத்தாவிட்டால் உயிருக்கே ஆபத்து, உண்மையைச் சொன்னால் நீ விழுங்கியிருக்க மாட்டாய், அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்றாள். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு வனிதா கொடுத்த ஊசி மருந்து எங்கே என்று கேட்டான். அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டில், தஞ்சாவூர் மருந்துக்கடைக் கவரிலேயே, டாக்டர் கடிதத்தோடு அப்படியே இருந்தது.

"ஒங்க ஆத்தா ஒன்னையப் பாக்க வர்றதுக்கு முந்தியே வாசல்ல என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு" என்றாள் திலகவதி. "ஒரே புள்ள, ஜெயிலுக்குள்ள இருக்கையிலயாவது பழையபடி ஆயிரட்டும்னு கேட்டுச்சு. நானும் பொம்பளப் புள்ளையப் பெத்தவ. என்ன செய்யச் சொல்ற?"

"எங்க ஆத்தா அழுதுச்சுன்னு என் ஒடம்ப எடுத்துக் குடுத்தீங்களா?"

"ஒம்மேல எனக்கு வெறுப்பு ஒண்ணும் இல்ல தம்பி."

"அப்புடிக் கூப்புடாதீங்க. அந்த வார்டரு என்னைய ஏ பொம்பளன்னுதான் கூப்புடுது. மனசுல என்ன நெனைக்குதோ அதச் சொல்லுது. நீங்க அதக்கூடச் செய்யல."

திலகவதி அழுதாள். அவன் அழவில்லை. அவள் அழுவதைப் பார்த்தபோது, இதே மாதிரிதான் ஆத்தாளும் வாசலில் நின்று அழுதிருப்பாள், இரண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி ஆறுதல் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது. அந்த ஆறுதல் முடிந்த பிறகு அவள் அலமாரியைப் பூட்டியிருப்பாள்.

வாய்தாவுக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனபோது அவன் மாஜிஸ்திரேட்டிடம் வாயைத் திறந்து சொன்னான். அவர் கேட்டுக்கொண்டு, வெளி டாக்டர் ஒருவரை வைத்து விசாரிக்கச் சொன்னார். ஒரு லேடி டாக்டர் வந்து அவனைப் பரிசோதித்தார். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். சில நாளில் முடிவு வந்தது. அதிக ரத்தப்போக்குக்கு அந்த மாத்திரை சரியான மருந்துதான், சிகிச்சையில் தவறு இல்லை, ஆண் ஹார்மோன் வேண்டுமானால் விடுதலைக்குப் பிறகு தகுந்த மருத்துவரை அணுகலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மருந்தை இன்னொரு மருந்து என்று சொல்லி விழுங்க வைத்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அவன் வக்கீல் அதைப் படித்துக் காட்டிவிட்டு, இதற்கு மேல் இதைக் கிளற வேண்டாம், ஜாமீனைப் பார்ப்போம் என்றார். திலகவதி அதே மேஜையில்தான் இருந்தாள். அன்பு பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. மாத்திரையை நிறுத்தியதும் ரத்தம் திரும்ப வந்தது. துணியை அலசி, வெயில் படுகிற கம்பியில் காயப்போட்டவள் சுகுணாதான். அன்றைக்கு அவன் சொன்ன வார்த்தையை அவள் ஒருபோதும் எடுத்துப் பேசவில்லை.

ஆத்தா வழக்கம்போல வந்தாள். வலையில் முகத்தை வைத்தாள். இத்தனை வாரமும் அவள் கண் எங்கே போனது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. மேலுதடு, மோவாய், கன்னம். முடி உதிர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நர்ஸிடம் அழுது கேட்டது நீதானா என்று அவன் கேட்டான். அவள் மறுக்கவில்லை.

"நா பெத்தது பொண்ணு. பெத்ததத் திருப்பிக் கேட்டேன். அதுல என்ன தப்பு?"

தொடர்ந்து, வக்கீலைப் பார்த்துவிட்டேன், ஜாமீன் கிடைக்குமாம், வீட்டுப் பத்திரத்தை வைத்து நானே கையெழுத்துப் போடுகிறேன், நேராக வீட்டுக்கு வந்துவிடு, பழசெல்லாம் மறந்துபோகும் என்று சொல்லிக்கொண்டே போனாள். நல்லதைத்தான் சொல்கிறோம் என்கிற நிம்மதி அவள் குரலில் இருந்தது. அன்புவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நீ ஜாமீன் போட்டா நா வெளிய வர மாட்டேன்" என்றான்.

அவள் புரியாமல் பார்த்தாள். அவன் இன்னொரு தடவை சொன்னான். சொல்லிவிட்டு, நேரம் முடியும் முன்னாலேயே வார்டரிடம் கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே வந்துவிட்டான். அன்று கொண்டுவந்த பழம் வாசலிலேயே இருந்தது.

வக்கீல் கோபப்பட்டார். கையில் கிடைக்கிற ஜாமீனை வேண்டாம் என்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். வேறு ஆள் கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வனிதாவோடு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் கௌசல்யாவின் அப்பாவும், ஐஸ் கம்பெனி மேஸ்திரி ஒருவரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். அன்பு வெளியே வந்தபோது மீசை மெலிந்திருந்தது. மார் கனத்திருந்தது. வனிதாவின் துப்பட்டாவை வாங்கி மேலே போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினான்.

அடுத்த வாரம் தஞ்சாவூர் போனார்கள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, குறைந்த அளவிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்றார். ஊசி போடும் அறையில் ஒரு சின்ன வயசு நர்ஸ் இருந்தாள். வாங்கண்ணா என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். மருந்துக் குப்பியைக் காட்டச் சொன்னான். காட்டினாள். பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தான். பிறகும் உட்காரவில்லை. வனிதாவை உள்ளே கூப்பிட்டு அவளையும் படிக்கச் சொன்னான். அவள் படித்தாள். அந்தப் பெண் முகம் வாடிப்போய் நின்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஊசிக்குப் போய் உட்கார்ந்தான்.

திரும்பி வரும்போது புதுக்கோட்டையில் பஸ் மாறி உட்கார்ந்தார்கள். வனிதா களைத்துப்போய் ஜன்னலில் சாய்ந்திருந்தாள். வண்டி கிளம்பி ஊரைத் தாண்டியதும் அவன் கேட்டான்.

"எங்க ஆத்தா ஒனக்கு போன் பண்ணுச்சா?"

"ரெண்டு தடவ பண்ணுச்சு. நா எடுக்கல."

"நெசமாவா?"

வனிதா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். ஊரையும் வீட்டையும் விட்டு, கீரனூருக்கும் திருச்சிக்கும் கோர்ட்டுக்குமாக அலைந்தவள். அவள் கோபப்படவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து, பூட்டைத் திறந்து அவன் மடியில் வைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போனின் வெளிச்சம் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்தது. அன்பு அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. கீரனூர் வரும்வரை மடியிலேயே வைத்திருந்தான், திருப்பிக் கொடுக்கவும் இல்லை.